டிக்கெட் எடுத்த ஒரே ஆள்

என் தங்கை புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் தருமப்பிரபு. கிண்டலுக்கு வைத்ததில்லை, மனசாரத்தான் வைத்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தங்கைக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டின் பின்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு நான் கூடவே இருக்கிறேன். அவர் செய்த தருமம் யார் தலையில் விடிந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தால் என் நெஞ்சு வேகாது.

அவருக்கு ரயிலில் கார்டு வேலை. பெரிய ரயில் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் கிளம்பி நகரத்தில் போய் நிற்கும் இரண்டு பெட்டி ரயில். கொடி காட்டுவது, கதவு பார்ப்பது எல்லாம் போக, டிக்கெட் கொடுப்பதும் அவர்தான். ஸ்டேஷனில் இருந்த கவுண்டரை, ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்று எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். இவர் தோளில் ஒரு மிஷினை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் நடந்து, எங்கே போறீங்க என்று கேட்டு, பட்டனைத் தட்டிச் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். மிஷினில் எத்தனை சீட்டு கிழிந்ததோ அத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்று மேலே கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அந்தப் பாதைக்கு அரசாங்கம் மானியம் தரும். வருகிற டிக்கெட் காசில் எந்தக் கிளை ரயிலும் ஓடாது, மானியத்தில்தான் ஓடும். இது அவருக்கும் தெரியும். தெரியாத்தனமாகச் செய்தார் என்று யாரும் பரிந்து பேச வேண்டாம்.

மனுஷன் சின்ன வயதில் அப்பா அம்மா இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர். அங்கே இவரை யாரும் அடித்ததும் இல்லையாம், கொஞ்சியதும் இல்லையாம். வீட்டுக்கு யாராவது வந்தால், "இவன் எங்க அண்ணன் பையன், இங்கதான் கிடக்கான்" என்று சொல்வார்களாம். கிடந்த பையன் வளர்ந்து சீருடை போட்டுக்கொண்டான். நாலு பேர் பார்த்து "வாங்கண்ணே" என்றால் போதும், அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். சாப்பாடுகூட வேண்டாம். இந்த ஒரு பசியைத் தெரிந்துகொண்டுதான் ஊரே அவரை ஓட்டிக்கொண்டு திரிந்தது.

ஊர் ஆட்களிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்குவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆரம்பித்தது சின்ன விஷயத்தில்தான். ஒருமுறை மிஷின் கெட்டுப்போய்ப் பழுதுபார்க்கப் போயிருந்தது. அது திரும்பி வரும்வரை எல்லோரும் சும்மா போனார்கள். வந்த அன்று முதல் ஆளாக டீச்சரிடம் போய் நின்றிருக்கிறார். டீச்சர் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், தினமும் போகிறவர். கைப்பையைத் திறக்காமலே சிரித்தாராம்.

"என்னண்ணே, எங்கிட்டயுமா?"

அவ்வளவுதான். மிஷினை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். டீச்சருக்கு இல்லாத டிக்கெட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வக்கீல் குமாஸ்தாவுக்கு எதற்கு? குமாஸ்தாவுக்கு இல்லாதது ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் எதற்கு? இப்படியே ஊர் முழுக்க ஆயிற்று. வெளியூர் முகம் தெரிந்தால் மட்டும் சீட்டு கிழிப்பார். அந்தப் பாதையில் வெளியூர் முகம் எங்கேயிருந்து வரும்?

ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் யாரிடமும் கால்காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் திருடன் என்று நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். யாராவது வெள்ளரிக்காய் கொடுப்பார்கள், யாராவது நாலு முட்டை கொடுப்பார்கள், அதோடு சரி. மற்றபடி "அண்ணே, அண்ணே" என்ற சத்தம்தான் வரும்படி. ஜெராக்ஸ் கடைக்காரர் வீட்டு வாசலில் பளபளவென்று ஒரு கார் நின்றது. அதைக் கல்யாணத்துக்கும் காட்சிக்கும்தான் எடுப்பார்கள். ஓசி ரயில் இருக்கும்போது பெட்ரோலுக்கும் நகரத்தில் வண்டி நிறுத்தும் காசுக்கும் யார் அழுவது?

இனி எங்கள் பாப்பா. வளர்ந்து பெரியவளான பிறகும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் வகுப்பில் விழுந்தாள், கையும் காலும் இழுத்துக்கொண்டது. வலிப்பு. நல்லவேளையாக அன்று மழை, வகுப்பில் பிள்ளைகள் அதிகம் இல்லை. மாத்திரையில் கட்டுப்பட்டது, ஆனாலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சில சமயம் ஆறேழு மாதம் எட்டிப் பார்க்காது, சில சமயம் ஒரே வாரத்தில் இரண்டு தடவை வரும். எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது, சைக்கிளைக்கூடத் தொடாதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் தங்கையும் மாப்பிள்ளையும் அன்றைக்கே முடிவு கட்டினார்கள், வெளியில் மூச்சு விடக் கூடாது என்று. நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே. ஊரைப் பொறுத்தவரை பாப்பாவுக்கு அடிக்கடி தலைவலி.

அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. படித்தாள், நகரத்தில் பல் செட் செய்கிற லேபில் வேலை வாங்கினாள். பல் போனவர்களின் வாயை அச்செடுத்து டாக்டர்கள் அனுப்புவார்கள். அந்த அச்சின் மேல் மெழுகை வைத்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, ஈறு மாதிரியே இழைத்து மெருகேற்ற வேண்டும். வேலைக்குப் போன முதல் நாளே முதலாளியிடம் தன் உடம்பைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கேஸ் அடுப்புப் பக்கம் இருந்த அவள் மேஜையை ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போடச் சொன்னாராம். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். அதை என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போன பிறகு அவள் நடையே மாறிவிட்டது. தரையைப் பார்த்து நடந்த பெண் தலையை நிமிர்த்தி நடந்தாள். என் தையல் மிஷினுக்கு மோட்டார் வாங்கிப் போட்டதும் அவள்தான்.

அவள் போவதற்கு அந்த ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. பஸ் ஊரெல்லாம் சுற்றிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். காரும் பைக்கும் அவளுக்கு ஆகாது. ரயிலில் உட்கார்ந்தபடி ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டாள், தூங்குகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் சரியாகிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவள் முதல் நாள் ரயில் ஏறியபோது தருமப்பிரபு என்ன செய்தார் தெரியுமா? பெட்டி நிறைய ஓசி ஆட்கள் உட்கார்ந்திருக்க, நேராக மகளிடம் போய் மிஷினைத் தட்டிச் சீட்டைக் கிழித்து நீட்டினார். அவளும் காசை எடுத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் இருக்கிற தடியன் தாண்டவராயன் எல்லாம் சும்மா போகிறான், பெற்ற பெண்ணுக்கு மட்டும் டிக்கெட்டா என்று கேட்டேன்.

"ஊர் பேசும்க்கா. அப்பன் ரயில்னு மக ஓசியில போறா பாருன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார்.

ஓசியில் போகிறவர்கள் ஓசியைப் பற்றிப் பேசிவிடுவார்கள் என்று இவருக்குப் பயம். மறுநாள் டீச்சர் வேறு, பெத்த மகளானாலும் சட்டம் சட்டம்தான், என்ன நேர்மை பாருங்க என்று பெட்டியில் எல்லோர் முன்னாலும் புகழ்ந்தாராம். அதை வீட்டுக்கு வந்து அவரே சொல்லிப் பூரித்துப்போனார். பாப்பா தினமும் போக வர டிக்கெட் எடுத்தாள். ஒருநாள்கூட முணுமுணுக்கவில்லை.

இப்படி இருக்கும்போது மேலிடத்தில் யாரோ எங்கள் பாதைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ரயிலுக்கு இவ்வளவு மானியம் கொட்டுகிறோம், சீட்டே கிழியவில்லையே, இதற்குப் பதில் ரோட்டை அகலப்படுத்தினால் என்ன என்று பேச்சு வந்தது. ஆனால் அவர்களும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று மூடிவிடவில்லை. மிஷினை மட்டும் நம்ப வேண்டாம், நேரில் ஆள் அனுப்பித் தலையை எண்ணிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். நியாயமான முடிவு. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக இரண்டு பெண்கள் ஒரு திங்கட்கிழமை ரயில் ஏறினார்கள். ஒரு வாரம் முழுக்க வருவோம் என்று கார்டிடம் சொன்னார்கள். அன்று ஏறியிருந்த நம் ஆட்கள் அட்டையைப் பார்த்ததுமே, அவர்கள் எண்ண ஆரம்பிப்பதற்குள், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடிவிட்டார்கள்.

தருமப்பிரபு அந்தப் பெண்களைச் செக்கிங் பார்ட்டி என்றே நினைத்துவிட்டார். பயணிகளை எண்ணுகிறோம் என்று அவர்கள் சொன்னது டிக்கெட் இல்லாதவர்களைப் பிடிக்கச் செய்யும் தந்திரம் என்று அவருக்குத் தோன்றியது. அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய், இந்த வாரம் யாரும் ரயில் பக்கம் வராதீங்க, வேற வழியில போய்க்குங்க என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரத்துக்கு எல்லோரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டாராம். வக்கீல் குமாஸ்தா அதற்கும் சட்டம் வைத்திருந்தார். இத்தனை நாளாக இல்லாத டிக்கெட் இந்த வாரம் மட்டும் எங்கிருந்து முளைத்தது என்று கேட்டால் அண்ணன் வேலைக்கு ஆபத்து என்றாராம். அண்ணன்மேல் அவ்வளவு அக்கறை! ஜெராக்ஸ் கடைக்காரர் தன் காரை வெளியே எடுத்தார். டீச்சரும் குமாஸ்தாவும் அதில் ஏறிக்கொண்டார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் போனார்கள், சிலர் லீவு போட்டார்கள். கார்டுக்கு நிம்மதி, ஊருக்கு நிம்மதி.

அந்த வாரம் முழுக்க இரண்டு பெட்டி ரயிலில் டிரைவர், கார்டு, எண்ண வந்த இரண்டு பெண்கள், அப்புறம் எங்கள் பாப்பா. அந்தப் பெண்கள் நல்ல மாதிரி. தினமும் இவளிடம் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை எழுதிக்கொண்டார்களாம். கடைசி நாளில் அதில் ஒருத்தி, உங்க ஊர்ல வேற யாருமே வேலைக்குப் போறதில்லையா என்று கேட்டாளாம்.

பிறகு ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மூடுவதற்கு முன் மக்களைக் கேட்க வேண்டுமாம். ஊரே வந்திருந்தது. மாப்பிள்ளை சீருடையோடு சுவரோரம் நின்றிருந்தார். நான், என் தங்கை, பாப்பா மூன்று பேரும் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி சாந்தமான மனிதர், யாரையும் அதட்டவில்லை. திரையில் ரோட்டின் படத்தைக் காட்டினார். நான்கு வரிசையாகக் கார் போகிறது, ஓரத்தில் மரமெல்லாம் வரைந்திருக்கிறார்கள். ரோட்டுக்கு ஆகிற செலவைச் சொல்லும்போது முதலீடு என்றார். ரயிலுக்கு ஆகிற செலவைச் சொல்லும்போது நஷ்டம் என்றார். ரோட்டில் போகிறவனிடம் மிஷினை நீட்டி எங்கே போறே என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை பேர் போகிறார்கள் என்று சீட்டு கிழித்துப் பார்ப்பதும் இல்லை. அதனால் ரோட்டுக்கு நஷ்டம் என்பதே கிடையாது போலிருக்கிறது.

அடுத்தபடியாக எண்ணிக்கையைக் காட்டினார். மிஷின் கணக்கும் நேரில் எண்ணிய கணக்கும் ஒன்றாகவே இருக்கின்றன என்றார். இந்த ரயிலில் வழக்கமாகப் போகிறவர் ஒரே ஒருவர். அந்த ஒருவருக்காக அரசாங்கம் செலவழிக்கிற பணத்தில் வருஷத்துக்கு ஒரு புதுக் கார் வாங்கி அவருக்கே கொடுத்துவிடலாம் என்றார். மண்டபமே சிரித்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குமாஸ்தா தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்போ காரை வாங்கிக் குடுத்துடுங்க சார் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுக்க, கைதட்டல் வேறு. பாப்பா மடியில் வைத்திருந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். இங்கே உட்கார்ந்து சிரிக்கிற பாதிப் பேர் தினமும் அந்த ரயிலில்தான் போகிறார்கள், ஒருத்தரும் டிக்கெட் எடுப்பதில்லை என்று சத்தமாகவே சொன்னேன். குமாஸ்தா மெதுவாக எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு மரியாதை.

"அக்கா சொல்றது நிஜம்னா, அத்தனை டிக்கெட் காசும் எங்க போச்சு? கார்டு பாக்கெட்டுக்கா? உங்க தங்கச்சி புருஷனைப் பத்திப் பேசறீங்க. யோசிச்சுப் பேசுங்கக்கா."

சுவரோரம் மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தங்கை என் தோளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நீங்கள் ரயிலில் போகிறவரா என்று அதிகாரி கேட்டார். நான் வீட்டிலேயே தைக்கிறவள், எங்கே போகப் போகிறேன்? அப்படியானால் இதைப் பதிவு செய்ய முடியாது என்றார். அந்த ஒரே பயணி வந்திருக்கிறாரா என்று அடுத்த கேள்வி.

பாப்பா எழுந்தாள். மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். உங்களைக் குறை சொல்லவில்லையம்மா, நீங்கள் ஏன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். அவள் ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள், ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். என் தங்கை வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியது எனக்கே தெரிந்தது.

"எனக்கு வலிப்பு இருக்கு சார். பள்ளிக்கூடத்துல படிக்கும்போதிருந்தே இருக்கு. நான் வண்டி ஓட்டக் கூடாது. இந்த ரயில் இல்லைன்னா எனக்கு வேலை இல்லை."

அதிகாரியின் முகமே மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்றார். உடம்பு காரணமாக வண்டி ஓட்ட முடியாத பயணி ஒருவர் இருந்தால்கூட, அவருக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் பாதையை மூடக் கூடாது என்று விதி இருக்கிறதாம். ஒன்று ரயில் ஓட வேண்டும், இல்லையென்றால் அரசாங்கச் செலவில் அவளுக்குத் தினமும் வண்டி அனுப்ப வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எங்கள் பெண் ஜெயித்துவிட்டாள். ஊரின் ரயிலையும் சேர்த்து அவள் காப்பாற்றியிருப்பாள். அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, இவர் உங்கள் மகள்தானே, இது உண்மைதானே என்று ஒரு பேச்சுக்குத்தான் கார்டைக் கேட்டார்.

ஊர் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்தார். ரயிலில் டிக்கெட்டுக்காகக் கையை நீட்டாமல் சிரிப்பாரே, அதே சிரிப்பு.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். சின்ன வயசுல ஜுரத்துல ஒரு தடவை வந்துச்சு, அதோட சரி. ரயில் போயிடுமேன்னு பயந்து புள்ள அப்படிச் சொல்லுது. அவளுக்கு ஒரு குறையும் இல்லை."

பெற்ற மகளை ஊர் நடுவில் பொய்க்காரி ஆக்கினார். அதையும் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். பாப்பா மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். யாரோ வந்து அவள் விரலைப் பிரித்து அதை வாங்கிக்கொண்டு போனார்கள். அதிகாரி எழுதிக்கொண்டிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நானும் அவளும் அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர் படித்துப் பார்த்தார், பாவம் என்றுகூடச் சொன்னார். ஆனால் கூட்டத்தில் உங்கள் அப்பா சொன்னது பதிவாகியிருக்கிறது, அவரே வந்து மாற்றிச் சொன்னால் மேலே அனுப்பலாம் என்றார். திரும்பி வந்து அவரிடம் சொன்னோம். பாப்பா கேட்டாள், நான் திட்டினேன், அழக்கூடச் செய்தேன். நான் ஊர் முன்னாடி சொன்னது பொய்ன்னு நானே போய்ச் சொல்லவா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடக்கிறது என்று கேட்டார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டார். என் தங்கை அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

ரயில் நின்றது. கடைசி நாளில் ஊரே பிளாட்பாரத்துக்கு வந்து படம் பிடித்துக்கொண்டது. டீச்சர் அழுதுகொண்டே பேசினார். குமாஸ்தா சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். இப்படி ஒரு மனுஷனை இனிமேல் பார்க்க முடியுமா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பாப்பா அன்றும் டிக்கெட் எடுத்துத்தான் போனாள், டிக்கெட் எடுத்துத்தான் வந்தாள்.

அடுத்த வாரமே ஊரில் ஒருவர் நகரத்துக்கு வேன் விட ஆரம்பித்தார். நான் பாப்பாவை அழைத்துக்கொண்டு போய் ஒரு இடம் கேட்டேன். வேன்காரர் தலையைச் சொறிந்தார். கூட்டத்துல அது சொன்னதை எல்லாரும் கேட்டாங்கக்கா, ஓடுற வண்டியில ஏதாச்சும் ஆயிட்டா மத்தவங்க ஏற மாட்டாங்க என்றார். அவ அப்பாதான் இல்லைன்னு சொன்னாரே என்று கேட்டேன். பெத்தவர் அப்படித்தான் சொல்வார் என்றார். எப்படி இருக்கிறது பாருங்கள். ஆபீஸ்காரர்கள் அப்பன் சொன்னதை நம்பி ரயிலை நிறுத்தினார்கள். ஊர்க்காரன் மகள் சொன்னதை நம்பி வேனில் ஏற்றவில்லை. கல்யாணத் தரகரும் அதற்குப் பிறகு வாசலை மிதிக்கவில்லை. எதைக் காப்பாற்ற அந்தப் பொய்யைச் சொன்னாரோ அதுவும் போயிற்று.

லேப் முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டார். வீட்டுக்கே மெழுகு வேலையை அனுப்பிப் பார்த்தார், அது சரிப்படவில்லை. நகரத்தில் தங்கிக்கொள்கிறேன் என்று பாப்பா கேட்டபோது, தனி அறையில் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று அம்மாவும் அப்பாவும் ஒரே குரலில் மறுத்தார்கள். அன்றைக்கு மட்டும் அவளுக்கு வலிப்பு இருந்தது. கடைசியில் மாப்பிள்ளை, ரயிலோடு வேலையும் முடிந்து கைக்கு வந்த பணத்தில் ஒரு பழைய காரை வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொண்டார். நானே உன்னைத் தினமும் கொண்டுபோய் விடறேன், கவலையை விடு என்று மகளிடம் சொன்னார். அவளும் நம்பினாள். நானும்தான் நம்பினேன். திங்கட்கிழமை கட்டாயம் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன், எனக்கும் வேறு வழியில்லையம்மா என்று முதலாளி போனில் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அதை அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் போடும் கோட்டைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கார் கேட்டைத் தாண்டவில்லை, வாசலில் டீச்சர் நின்றிருந்தார். வேன் கட்டணத்தை ஏற்றிவிட்டார்களாம். பின்னாலேயே குமாஸ்தா வந்தார். ஜெராக்ஸ் கடைக்காரரும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவர்கள் கார் பழுதுக்குப் போயிருக்கிறதாம், பெட்ரோல் விலையில் ஓட்டிக் கட்டுப்படியாகவில்லையாம். அண்ணே டவுனுக்கா, நாங்களும் வர்றோம் என்று கதவைத் திறந்தே விட்டார்கள். பின்சீட்டில் மூன்று பேர்தான் உட்காரலாம். டீச்சர் முன்கதவைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தடவியபடி நின்றார்.

தருமப்பிரபு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே மகளிடம் சொன்னார். "பாப்பா, டீச்சருக்கு இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷனாம். நீ நாளைக்குப் போகலாம்ல? உங்க முதலாளி நல்ல மனுஷன், நான் பேசிக்கிறேன்."

நான் தையலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். வெட்கமாக இல்லையா உங்களுக்கு, அவள் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள் என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். டீச்சர் மட்டும், நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க, வண்டி அண்ணனோடது, அவருக்குப் பெரிய மனசு என்றார். அதற்குள் பாப்பா இறங்கிவிட்டாள். டீச்சர் ஏறுவதற்குக் கதவையும் பிடித்துக்கொண்டாள். கார் போயிற்று.

சாயங்காலம் லேபிலிருந்து போன் வந்தது. நான் பேசிக்கிறேன் என்று சொன்னவர் வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. எல்லோரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டு வர வேண்டாமா? மறுநாள் முதலாளியிடம் போய்ப் பேசினாராம். ஜன்னலோரம் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம், நல்ல பிள்ளையாத் தெரியுது என்று அதையும் வந்து சொன்னார்.

தினமும் காலையில் அந்தக் கார் நிறைந்து போகிறது. காசு வாங்குவதில்லை. பெட்ரோல் அவருடைய ஓய்வுப் பணத்தில் எரிகிறது, ஊர் இன்னும் வாய் நிறையத் தருமப்பிரபு என்கிறது. அவர் கிளம்புவதற்கு முன் பாப்பா வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் காரைக் கழுவுகிறாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்கிறாள். பழையபடி தரையைப் பார்த்து நடக்கிறாள். என்னோடுகூட அதிகம் பேசுவதில்லை.

அன்றொரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. காரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்று கேட்டேன், ஏன்டி, அன்றைக்கு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கக் கூடாதா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா என்று.

அவள் முன்கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"பேசினேனே பெரியம்மா. மைக்ல பேசினேன், ஊரே கேட்டுச்சு. அப்பாதான் இல்லைன்னுட்டாரு."